இணையவழி முதுகலையும் அலுவலகத் திறனும்

வீட்டில் இருந்தபடியே பட்டம் பெறுவது நம் நாட்டிற்குப் புதிது அன்று. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கிற்று. அன்று அஞ்சற்காரர் கொண்டுவந்த பாடப் பொதி இன்று கைபேசித் திரையில் வந்து நிற்கிறது. ஒப்புதல் பெற்ற நிறுவனங்கள் இணையவழியில் வழங்கும் பட்டங்களும் வகுப்பறைப் பட்டங்களுக்கு நிகரானவையே எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆகவே, பட்டத்தைப் பற்றிய ஐயம் தீர்ந்தது. ஆனால், வேலை கொடுப்பவர் பட்டத்தை மட்டுமா பார்க்கிறார்?

இவ்வினாவை எழுப்பியவர் நம் துறையில் பி.காம். முடித்த பழைய மாணவர் ஒருவர். பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். இரவில் இணையவழியில் எம்.காம். படிக்கிறார். "ஐயா, வகுப்பில் இருந்தால் நாலு பேரோடு பழகித் தேறலாம். அறைக்குள் தனியே உட்கார்ந்து படிக்கிறவன் அலுவலகத் திறன்களை எங்கே கற்பது?" என்றார். அவர் படிப்பையே எடுத்துக்கொண்டு இருவரும் ஆராய்ந்தோம்.

முதலாவது, எழுதிக் கேட்கும் திறன். இணையவழி மாணவரை ஆசிரியர் பார்ப்பதில்லை. அவர் எழுதிய வரிகளையே பார்க்கிறார். தொடக்கத்தில் இவர், "கணக்கு வரவில்லை, உதவவும்" என்று எழுதுவாராம். "எந்தக் கணக்கு?" என்று மறுமொழி வரும். அதற்குள் இரண்டு நாள் போய்விடும். பின்னர், எந்த அலகு, எத்தனையாவது கணக்கு, தாம் செய்த வழி, தமக்குக் கிடைத்த விடை, புத்தகம் தரும் விடை என்று வரிசையாக எழுதத் தொடங்கினார். பல வேளைகளில், எழுதும்போதே பிழை புலப்பட்டு, அனுப்பும் தேவையே இல்லாமற் போயிற்றாம்!

இப்பழக்கம் கம்பெனியிலும் கைகொடுத்தது. கொள்முதல் பேரேட்டில் உள்ள வரித்தொகையும், ஜி.எஸ்.டி. தளத்தில் மாதந்தோறும் வரும் 2பி அறிக்கையின் தொகையும் ஒருமுறை ஒத்துவரவில்லை. விற்ற நூலாலை தன் விவரத்தில் பில்லைச் சேர்க்காவிட்டால், வாங்கிய கம்பெனிக்கு அவ்வரி வரவாகக் கிடைக்காது. ரொக்கமாகக் கட்ட நேரும். இவர் "டேலி ஆகவில்லை" என்று முதலாளி முன் போய் நிற்கவில்லை. விடுபட்ட மூன்று பில்களின் எண், தேதி, தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஆலைக்கு அனுப்பவேண்டிய கடிதத்தையும் உடன் வைத்தார். அன்று மாலையே கடிதம் போயிற்று.

அடுத்தது நாள் தவறாமை. மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனம் 11-ஆம் நாள் விற்பனை விவரமும், 20-ஆம் நாள் வரிக் கணக்கும் கொடுத்தாக வேண்டும். படிப்பிலோ ஒப்படைப்புகள் காத்திருக்கும். இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பல பாடங்களுக்கு அவற்றின் பங்கு மட்டுமே 30 விழுக்காடு. இவர் இரண்டையும் ஒரே நாட்காட்டியில் குறித்தார். மாத நடுவில் வரும் ஒப்படைப்பை 8-ஆம் நாளுக்குள் முடித்தார். மணியடிக்க ஆளில்லாத படிப்பு இது. இப்பழக்கம் வராமல் முதற்பருவத்திலேயே நின்றுபோனவர்களை நான் அறிவேன்.

கூட்டாகச் செய்யும் ஒப்படைப்பில் தம் பங்கு தாமதமாகும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவ்வாறே வந்த பழக்கம்தான்.

ஒன்றை மட்டும் திரை இவருக்குத் தரவில்லை. பதிவு செய்த விரிவுரையைக் கேட்பவர் வாய் திறக்க வேண்டுவதில்லை. நேரலை வகுப்பிலும் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு இருந்துவிடலாம். (நம் வகுப்பறைக் கடைசி வரிசையிலும் மூன்றாண்டுகள் இப்படிக் கழிப்பவர் உண்டு என்பது வேறு செய்தி.) பெரிய கம்பெனி ஒன்றின் நேர்முகத் தேர்வில், நடைமுறை மூலதனத்தை விளக்குமாறு இவரைக் கேட்டார்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம், நா எழவில்லை. "எழுதச் சொல்லியிருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன் ஐயா" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

பேச்சுக்கு ஆள் வேண்டும், தம்பி என்றேன். வேலை நேரம் போக அவருக்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். இப்போது ஞாயிறுதோறும் தம் வீட்டுத் திண்ணையில் நம் இரண்டாமாண்டு மாணவர் ஐவருக்குச் செலவுக் கணக்கியல் சொல்லித் தருகிறார். முதல் வாரம் சுவரைப் பார்த்தே பேசினாராம்; அம்மாணவர்களே சொன்னார்கள். மூன்றாம் வாரம் ஒருவன் குறுக்குக் கேள்வி கேட்க, பாடம் விளக்கு வைக்கும் நேரம் வரை நீண்டதாம்.