பழைய டாய் ஹாலர்: முதலில் கணக்கு, பிறகு பேரம்

பின்பாதியில் கராஜ் வைத்துக் கட்டிய இழுவை வீட்டுக்கு அமெரிக்காவில் டாய் ஹாலர் என்று பெயர். அதன் பின்சுவர் அப்படியே கீழே சாய்ந்து ஏறுதளமாகிவிடும். டர்ட் பைக், நான்கு பேர் உட்காரும் மணல்மேட்டு வண்டி, எதுவானாலும் அதன் வழியே உள்ளே ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஊர் போய்ச் சேர்ந்து வண்டியை இறக்கியதும் சுவரோரம் மடித்த சோபாக்களை விரித்து, கூரையோடு ஒட்டியிருக்கும் கட்டிலை சுவிட்சைத் தட்டி இறக்கினால், அதுவே பிள்ளைகளின் படுக்கையறை. கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளிலும் யூட்டாவின் மோவாபிலும் இவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

புதிதாக எடுத்தால் முதல் சில வருடங்களிலேயே மதிப்பு மளமளவென்று இறங்கும் என்பதால் பழையதைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் வீட்டைப் பார்த்து மயங்கிய பிறகுதான் தங்கள் டிரக் அதை இழுக்குமா என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

முதல் வேலை உங்கள் டிரக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறப்பது. கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று. அதுதான் பேலோடு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இழுவைத் திறன் வேறு கணக்கு. அதை நம்பி வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சின்ன ஸ்டிக்கர்தான் காலை வாரும்.

ஒரு கணக்குப் போடுவோம். டிரெய்லரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 12,000 பவுண்டு, வெறும் எடை 8,500. ஏற்றுவதற்கு 3,500 மிச்சம். 100 காலன் தண்ணீர் நிரப்பினால் 834 பவுண்டு போயிற்று. கராஜ் வண்டிகளுக்கென்று இருக்கும் 30 காலன் பெட்ரோல் தொட்டிக்கு 180, நால்வர் வண்டிக்கு 1,600, துணிமணி, பாத்திரம், நாற்காலி என்று 500. கூட்டினால் 3,114, ஆக மொத்தம் 11,600 பவுண்டு, ஐந்தேகால் டன். இந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் கொக்கி மேல் உட்கார வேண்டும். அதாவது குறைந்தபட்சம் 1,160. இதுவும் டிரக்கின் பேலோடில்தான் சேரும். டிரக்கின் ஸ்டிக்கர் 1,600 என்று சொல்ல, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஐஸ்பெட்டி எல்லாம் சேர்ந்து 700 என்றால், கொக்கிக்கு மிஞ்சுவது 900. இழுவைத் திறன் 13,000 என்று போட்டிருந்தாலும் இந்த ஜோடி பொருந்தாது. ஒன்று சின்ன டிரெய்லர், அல்லது பெரிய டிரக். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி: மொத்த எடை அளவு 10,000 பவுண்டைத் தாண்டிய டிராவல் டிரெய்லரை இழுக்க, வணிகம் சாராத கிளாஸ் ஏ லைசென்ஸ் வேண்டும்.

கொக்கி எடையில் இந்த வகைக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. பின்னால் வண்டி ஏறும் என்று கணித்துத்தான் அச்சுகளை வைத்திருப்பார்கள். அதனால் கராஜ் காலியாக இருக்கும்போது கொக்கி மேல் பாரம் கூடுதலாக அழுத்தும். வண்டியை ஏற்றியதும் முன்பக்கம் லேசாகும். கொக்கி எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கலாம். காலியாக ஓட்டிப் பார்த்து, நன்றாகத்தான் வருகிறது என்று முடிவு கட்ட முடியாது. தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று விற்பவரிடம் கேளுங்கள். அதை நிரப்புவதும் காலி செய்வதும் இந்தத் தராசை மாற்றும். கராஜின் நீளத்தையும் டேப் வைத்து அளக்க வேண்டும். நால்வர் வண்டிகளில் பல 12 அடியைத் தாண்டியவை.

இனி தேடலாம். ஆர்வி டிரேடர், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், டீலர் கடைகள். விலைக்கு ஜே.டி. பவர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் வின் (அடையாள) எண்ணை வாங்கி, திருட்டு, சால்வேஜ் பதிவு உண்டா என்று காப்பீட்டுக் குற்றத் தடுப்பு அமைப்பான என்ஐசிபியின் தளத்தில் இலவசமாகப் பாருங்கள். எண் தரத் தயங்குபவரை அத்தோடு விட்டுவிடுவது நல்லது. நேரில் போவதற்கு முந்தைய நாளே ஃப்ரிட்ஜைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் குளிர மணிக்கணக்காகும். போய் நின்று பட்டனைத் தட்டினால் ஒன்றும் தெரியாது.

இந்த வீடுகளுக்கு எமன் தண்ணீர்தான். மழை பெய்த மறுநாள் போனால் உத்தமம். ஏணி வைத்துக் கூரையில் ஏறி, காற்றுத் துளைகளையும் ஓரங்களையும் சுற்றிப் பூசிய சீலன்ட் வெடித்திருக்கிறதா பாருங்கள். வெளிச் சுவரைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால், உப்பிய இடம் அப்பளக் கொப்புளம்போல் காட்டிக்கொடுக்கும். உள்ளே மூலை அலமாரிகளைத் திறந்து மோந்து பாருங்கள்.

ராம்ப் கதவில் அவசரமே கூடாது. அதன் வயிற்றில் இருப்பது பெரும்பாலும் பிளைவுட். கதவைச் சாய்த்து, கீல் ஓடும் கோட்டை ஒட்டிக் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே உளுத்திருக்கிறது. கீல் திருகுகள் துருப்பிடித்து வெறுமனே சுற்றினாலும் அதே அர்த்தம். பிறகு உள்ளே நின்று கதவை மூடச் சொல்லி விளக்கை அணையுங்கள். ரப்பர் ஓரங்களில் பகல் வெளிச்சம் கோடாகத் தெரியும் இடமெல்லாம் தண்ணீருக்கும் கிளாமிஸ் மணலுக்கும் வாசல். அதே இருட்டில் மூக்கையும் வேலை செய்ய விடுங்கள். பெட்ரோல் வாடை தங்கியிருந்தால் குழாயிலோ பம்பிலோ கசிவு இருக்கலாம், அங்கே பிள்ளைகள் படுக்கப்போகிறார்கள். கேஸ், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளின் முதுகில் தேதி இருக்கும், காலாவதியாகியிருந்தால் மாற்றுங்கள். செலவு பெரிதில்லை.

டயரின் பூவைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். நின்றே கிழண்டுபோன டயர்கள் இங்கே சர்வசாதாரணம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் புது டயர்களின் விலையைப் பேரத்தில் கழியுங்கள். ஜெனரேட்டரைச் சும்மா ஓட்டிக் காட்டினால் போதாது, ஏசியைப் போட்டு அரைமணி நேரம் ஓடட்டும். பெரிய தொகை என்றால் என்ஆர்விஐஏ சான்று பெற்ற ஆய்வாளரைக் கூலி கொடுத்து அழைப்பதே என் கட்சி.

காசு கைமாறும் இடம் வங்கியாக இருக்கட்டும். டைட்டில் எனும் உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும், வின் எண் டிரெய்லரில் உள்ளதோடு பொருந்த வேண்டும், கடன் பாக்கி இருந்தால் வங்கியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். கிளம்பும் முன் சக்கர நட்டுகளைச் சரியான டார்க்கில் முறுக்கி, முதல் 50 மைலில் இன்னொரு தரம் சரிபாருங்கள். முதல் பயணத்துக்கு வண்டியும் தண்ணீரும் சாமானும் ஏற்றியபின், நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) எடைமேடையில் ஏற்றி நிறுத்தி, காகிதத்தில் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு மணல்மேட்டுப் பக்கம் திரும்பலாம்.