பெயரை மாற்ற மறுத்தவர்

பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னால் நீங்கள் சம்மதிப்பீர்களா?

இஸ்லாத்தில் பெயர் அரபியில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பொருள் நல்லதாக இருக்க வேண்டும். அதனால்தான் பொருள் சரியில்லாத பெயர்களை நபிகள் நாயகம் மாற்றிவிடுவார்கள்.

ஒருமுறை ஹஸ்ன் என்பவர் அவர்களிடம் வந்தார். ஹஸ்ன் என்றால் கரடுமுரடு. இனி உங்கள் பெயர் ஸஹ்ல், அதாவது இலகுவானவர் என்றார்கள் நபிகள். அவரோ, அப்பா வைத்த பெயரை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்!

அப்புறம் என்ன ஆனது தெரியுமா? அவருடைய பேரன் ஸஈத் இப்னுல் முஸய்யிப், மதீனாவின் பெரிய மார்க்க அறிஞர். அதற்குப் பிறகு முரட்டுக் குணம் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை என்று அவரே சொன்னதாகப் புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.