பரிகாசத்தை மார்பில் அணிந்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வாக்காளர்கள் தேர்தலுக்குத் தேர்தல் உடையில் தரித்துக்கொண்ட பொத்தான், பதக்கம், பட்டு ரிப்பன் முதலியவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பவருக்குப் புலப்படும் விநோதம், அவற்றுட் சில எதிரியின் வசையிலிருந்தே பிறந்தவை என்பதாகும்.

1840-ல் விக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகராக நின்ற வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் வருஷத்துக்கு 2,000 டாலர் உபகாரச் சம்பளமும் அளித்துவிட்டால், கிழவர் தம் மரக்குடிசையிலேயே திருப்தியாகக் காலங்கழிப்பார் என்று பால்டிமோர் பத்திரிகையொன்று ஏளனம் செய்யப்போக, விக் கட்சியார் அந்தக் குடிசையையும் பீப்பாயையுமே பித்தளைப் பொத்தான்களிலும், துளையிட்டு நாடாவில் தொங்கவிட்ட பதக்கங்களிலும் பொறித்து, ஏழை பங்காளரின் இலச்சினையாக நாடெங்கும் பரப்பினார்கள். உண்மையில் ஹாரிசன், சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட தந்தைக்கு, விர்ஜீனியாவின் பெரும் பண்ணைவீட்டில் பிறந்த கனவான். பொத்தானுக்கு அந்தச் சங்கதி தேவைப்படவில்லை. தேர்வாளர் வாக்குகளில் 234-க்கு 60 என்று அப்போதைய ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனை வென்ற அவர், பதவியேற்று ஒரே மாதத்தில் காலமாகிவிடவே, அதே பட்டு ரிப்பன் துக்கச் சின்னமாகவும் உருமாறியது.

1860-ல் தேர்தல் பதக்கங்களில் புகைப்படமும் வந்து சேர்ந்தது. கருமெருகு பூசிய மெல்லிய இரும்புத் தகட்டில் உருவம் பதிக்கும் முறைக்கு 1856-ல் உரிமம் பெறப்பட்டிருந்தபடியால், பித்தளை வளையத்துக்குள் ஒருபுறம் லிங்கனையும் மறுபுறம் உப ஜனாதிபதி அபேட்சகர் ஹாம்லினையும் அடக்கிய சிறு பதக்கங்கள் மலிவாகவே செய்யப்பட்டன. எதிரிகள் அவலட்சணமென்று நகைத்த முகத்தையே ஆதரவாளர்கள் ஆபரணமாக அணிந்தார்கள். இதைவிடத் தக்க மறுமொழி வேறென்ன இருக்க முடியும்!

1888-ல் ஜனாதிபதி கிளீவ்லண்டுடன் உப ஜனாதிபதி அபேட்சகராக நின்ற ஆலன் தர்மன், மூக்குப்பொடிப் பழக்கத்தை முன்னிட்டு எப்போதும் கையில் வைத்திருந்த சிவப்புக் கைக்குட்டை, டெமாக்ரடிக் கட்சியின் கொடியாகவே ஆகிவிட்டதெனினும், வெற்றி கிட்டவில்லை.

1896-ல், அச்சிட்ட காகிதத்தின் மேல் ஒளி ஊடுருவும் செல்லுலாயிட் தகட்டைப் போர்த்தி உலோக வில்லையில் மடித்து, பின்னால் ஊசி பொருத்தும் பொத்தானை நூவர்க் நகரத்து ஒயிட்ஹெட் அண்டு ஹோக் கம்பெனியார் பெருவாரியாகச் செய்து குவித்தார்கள். ஆனால் என் மனத்தைக் கவர்வது அவ்வாண்டின் வேறொரு சிறு பொருள்தான். நாணயத்துக்குத் தங்கமே ஆதாரமாயிருக்க வேண்டுமென்றவர்களை வெள்ளியும் ஆதாரமாக வேண்டுமென்ற வெள்ளிக் கட்சியார் 'தங்க வண்டுகள்' என்று தூற்றவே, தங்கத்தின் பக்கம் நின்ற ரிபப்ளிகன் ஜனாதிபதி அபேட்சகர் மெக்கின்லியின் ஆதரவாளர்கள் பொன்னிற வண்டையே கோட்டில் குத்திக்கொண்டார்கள். விசையைத் தட்டினால் இறக்கை விரிந்து, உள்ளிருந்து மெக்கின்லியும் உப ஜனாதிபதி அபேட்சகர் ஹோபார்ட்டும் எட்டிப் பார்க்கும் வண்டுகளும் அவற்றில் உண்டு. வெள்ளியின் பக்கம் நின்ற எதிர் அபேட்சகர் பிரையனின் ஆட்களும் சளைக்காமல் வெள்ளியில் வண்டு செய்து மாட்டிக்கொண்டார்கள்.