கட்டும் விடுவிப்பும்: ஏர்வாடித் தீவிபத்து உணர்த்தும் பாதுகாப்பு நெறி

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமையால் 28 பேர் உயிரிழந்தனர். தீ மட்டுமன்று, உடனே அவிழ்க்க இயலாத பிணைப்பும் இவ்விறப்புகளுக்குக் காரணமாகும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 95 சங்கிலியிடுதலை முற்றிலும் தடைசெய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டுமே, தேவையான காலத்திற்கு, உடலைக் கட்டுப்படுத்தப் பிரிவு 97 இடமளிக்கிறது.

வயதுவந்தோர் தம் விருப்பால் தம்மையே கட்டிக்கொள்வது இதனின் வேறானது. எனினும் இடர் ஒன்றே. அங்கு அவிழ்த்துவிட எவரும் இரார். ஆகவே விடுபடும் வழி இரண்டேனும் முன்னரே அமைதல் வேண்டும். கத்தரிக்கோலும் 108ஐ அழைக்கத் தொலைபேசியும் கைக்கெட்ட வேண்டும். நம்பிக்கைக்குரிய ஒருவர் அறிந்திருத்தல் நலம். கழுத்தில் கட்டுதல் ஒருபோதும் கூடாது.