கவாஸாகி எலிமினேட்டர்ல இருந்து பஜாஜ் அவெஞ்சர் வரை: 28,000 ரூபாய் சம்பளத்துல க்ரூஸர் பைக் வாங்கலாமா?



போன வாரம் நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, சங்கரன்கோவில்ல இருந்து தினமும் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போறேன். கையில வர்ற சம்பளம் 28,000. சின்ன வயசுல இருந்து க்ரூஸர் பைக்னா உயிர். எலிமினேட்டர் திரும்ப வந்திருக்குன்னு சொல்றாங்க. இஎம்ஐ போட்டு எடுத்துடலாமா?"

ஒரு வரியில "வேண்டாம் தம்பி"ன்னு பதில் போட்டிருக்கலாம். ஆனா அது நியாயமான பதில் கிடையாது. ஆசைப்படுறது தப்பில்ல. அந்த ஆசைக்கு மாசம் எவ்வளவு ஆகும்னு தெரியாம கையெழுத்துப் போடுறதுலதான் சிக்கல். அதோட, எலிமினேட்டரோட கதையிலேயே ஒரு நல்ல பணப் பாடம் இருக்கு. அதனால முதல்ல கதை, அப்புறம் கணக்கு.

எலிமினேட்டர் எங்கிருந்து வந்துச்சு?

1985-ல ஜப்பானோட கவாஸாகி கம்பெனி எலிமினேட்டர் 900-ஐ இறக்குச்சு. அப்போ உலகத்துலேயே வேகமான பைக்குகள்ல ஒண்ணா இருந்த ஜிபிஇசட் 900 ஆர் நின்ஜாவோட 908 சிசி, நாலு சிலிண்டர் இன்ஜினை எடுத்து, தாழ்வான சீட், நீளமான உடம்பு இருக்கிற வண்டியில வெச்சாங்க. செயினுக்குப் பதிலா ஷாஃப்ட் டிரைவ். அதுவரைக்கும் க்ரூஸர்னா நிதானமா உருட்டிக்கிட்டுப் போற வண்டி. அதுக்குள்ள ஸ்போர்ட்ஸ் பைக் இன்ஜினை வெச்சதுதான் எலிமினேட்டரோட தனித்தன்மை. அப்புறம் 125, 250, 400, 600 சிசின்னு தம்பிமார் வரிசையா வந்தாங்க.

அதே காலத்துல நடந்த ஒரு வரிக் கதையையும் தெரிஞ்சுக்கோங்க, பின்னாடி உதவும். ஹார்லி டேவிட்சனைக் காப்பாத்த 1983-ல அமெரிக்க அரசு, 700 சிசிக்கு மேல இருக்கிற வெளிநாட்டு பைக்குகளுக்கு இறக்குமதி வரியை 4.4 சதவீதத்துல இருந்து 49.4 சதவீதமா ஏத்துச்சு. ஜப்பான் கம்பெனிகள் என்ன பண்ணினாங்க? 750 சிசி வண்டிகளோட இன்ஜினைக் கொஞ்சம் சின்னதாக்கி 700-க்குக் கீழ கொண்டுவந்து வித்தாங்க. சிசி நம்பரை எஞ்சினியர் மட்டும் முடிவு பண்றதில்ல, வரி போடுறவரும் சேர்ந்துதான் முடிவு பண்றார்.

இந்தியாவுக்கு வந்த எலிமினேட்டர்

நம்ம ஊர்ல பஜாஜும் கவாஸாகியும் 1980-கள்லேயே தொழில்நுட்பக் கூட்டணி போட்டவங்க. கேபி 100, பாக்ஸர், கேலிபர் எல்லாம் அந்தக் கூட்டணியோட பிள்ளைங்கதான். உங்க அப்பா, சித்தப்பா யாராவது ஓட்டியிருப்பாங்க.

2001-ல அதே கூட்டணி கவாஸாகி பஜாஜ் எலிமினேட்டரைக் கொண்டுவந்துச்சு. 175 சிசி, ஒரே சிலிண்டர், காத்துல குளிர்ற கவாஸாகி இன்ஜின், சுமார் 15 பிஹெச்பி பவர், 5 கியர். 100 சிசி மைலேஜ் பைக்குகள் ஓடிக்கிட்டிருந்த ரோட்டுல, அகலமான ஹேண்டில்பார், முன்னாடி நீட்டின கால், நிறைய குரோமோட ஒரு வண்டி போனா யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டாங்க? எல்லாரும் பார்த்தாங்க. ஆனா விலை சாதாரண பைக்கை விட ரொம்ப ஜாஸ்தி. வாங்கினவங்க கொஞ்சம் பேர்தான்.

அதே 2001-ல பஜாஜ் சொந்தமா உருவாக்கின பல்சரும் வந்துச்சு. அது எப்படி ஓடுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

2005-ல பஜாஜ் ஒரு வேலை பண்ணுச்சு. எலிமினேட்டரோட உடம்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கட்டும், உள்ள நம்ம பல்சர் 180 இன்ஜினை வைப்போம்னு முடிவு பண்ணினாங்க. பெயர் அவெஞ்சர். பவர் குறையல, 16.5 பிஎஸ்ஸா ஏறுச்சு. விலை கணிசமா இறங்குச்சு. ஊர்ல பல்சர் ரிப்பேர் பார்க்கத் தெரிஞ்ச மெக்கானிக் எல்லாருக்கும் இந்த இன்ஜின் ஏற்கெனவே பழக்கம், ஸ்பேர் பார்ட்ஸும் சுலபமா கிடைச்சுது. "ஃபீல் லைக் காட்" விளம்பரம் ஞாபகம் இருக்கா? அந்த வண்டிதான்.

அப்புறம் 2007-ல அவெஞ்சர் 200, 2010-ல 220, 2015-ல ஸ்ட்ரீட், க்ரூஸ்னு ரெண்டு வகையாப் பிரிஞ்சுது. எலிமினேட்டர் நாலஞ்சு வருஷத்துல நின்னுபோச்சு. அவெஞ்சர் இருபது வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்சிருக்கு.

பாடம் இதுதான்: ரோட்டுல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். உங்க பாக்கெட்டுக்கு ரெண்டும் வேற வேற வண்டி. ஷோரூம்ல கொடுக்கிற விலை ஒரு தடவைதான். பார்ட்ஸ், பெட்ரோல், இன்ஷூரன்ஸ் செலவு வண்டி இருக்கிற வரைக்கும் கூடவே வரும்.

இப்போ திரும்ப வந்திருக்கிற எலிமினேட்டர்

பஜாஜ், கவாஸாகி விற்பனைக் கூட்டணி 2017-ல முடிஞ்சுபோச்சு. 2024 ஜனவரியில கவாஸாகி தனியா புது எலிமினேட்டரை இந்தியாவுல இறக்குச்சு. அப்போ எக்ஸ் ஷோரூம் விலை 5.62 லட்சம். அவெஞ்சர் க்ரூஸ் 220-ஓட பக்கத்துல வெச்சுப் பாருங்க:

- இன்ஜின்: எலிமினேட்டர் 451 சிசி, ரெட்டை சிலிண்டர், லிக்விட் கூலிங். அவெஞ்சர் 220 சிசி, ஒரே சிலிண்டர், ஆயில் கூலிங்.
- பவர்: 45 பிஎஸ். அவெஞ்சர் 19 பிஎஸ்.
- டார்க்: 42.6 என்எம். அவெஞ்சர் 17.5 என்எம்.
- கியர்: 6. அவெஞ்சர் 5.
- எடை: 176 கிலோ. அவெஞ்சர் 163 கிலோ.
- சீட் உயரம்: 735 மி.மீ. அவெஞ்சர் 737 மி.மீ.

கடைசி வரியைக் கவனிச்சீங்களா? உட்கார்ற உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எலிமினேட்டர் அருமையான வண்டி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டுல, முன்னாடி லாரி, எதிர்ல டவுன் பஸ், நடுவுல ஆட்டு மந்தைன்னு போகும்போது அந்த 45 பிஎஸ்ஸை எத்தனை நிமிஷம் உபயோகிக்க முடியும்? ஆடித்தபசு நேரத்துல கோவில் பக்கம் போய்ப் பாருங்க, எந்த வண்டியா இருந்தாலும் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.

சிசி கூடினா வரியும் கூடும்

மேல சொன்ன அமெரிக்கக் கதை ஞாபகம் இருக்கா? நம்ம நாட்டுலயும் அப்படி ஒரு கோடு இருக்கு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சுது. 350-ஐத் தாண்டினா 40 சதவீதம். எலிமினேட்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம், அவெஞ்சர் இந்தப் பக்கம்.

தமிழ்நாட்டுல சாலை வரியும் அப்படித்தான். புது டூ வீலர் விலை 1 லட்சம் வரைக்கும் 10 சதவீதம், அதுக்கு மேல 12 சதவீதம். 5.62 லட்சம் வண்டிக்கு இது மட்டுமே 67,000 ரூபாய்க்கு மேல போகும்.

புது வண்டிக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். 150-ல இருந்து 350 சிசி வரை 7,365 ரூபாய், அதுக்கு மேல 15,117 ரூபாய். ஜிஎஸ்டி தனி.

சரி, மாசக் கணக்குக்கு வருவோம்

நம்ம தம்பிக்குப் போக வர ஒரு நாளைக்கு 65 கிலோமீட்டர், மாசம் 25 நாள்னு வெச்சுக்குவோம். மொத்தம் 1,625 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், லோன் வட்டி 10 சதவீதம், குறையும் முறைன்னு எடுத்துக்கிறேன். கடன் தொகையும் மைலேஜும் உதாரணத்துக்குத்தான், உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க.

1. 110 சிசி சாதாரண பைக் (80,000 கடன், 3 வருஷம், மைலேஜ் 60)
இஎம்ஐ 2,581 + பெட்ரோல் 2,735 + சர்வீஸ் 500 = 5,816 ரூபாய். சம்பளத்துல 21 சதவீதம்.

2. புது அவெஞ்சர் 220 (1,40,000 கடன், 3 வருஷம், மைலேஜ் 35)
இஎம்ஐ 4,517 + பெட்ரோல் 4,689 + சர்வீஸ் 800 = 10,006 ரூபாய். சம்பளத்துல 36 சதவீதம்.

3. எலிமினேட்டர் (1.5 லட்சம் கையில இருந்து போட்டு, 5,00,000 கடன், 5 வருஷம், மைலேஜ் 25)
இஎம்ஐ 10,624 + பெட்ரோல் 6,565 + சர்வீஸ் 2,000 = 19,189 ரூபாய். சம்பளத்துல 69 சதவீதம்!

மூணாவதைப் பத்திப் பேசவே வேண்டாம். மீதி 8,800 ரூபாயில வீட்டுக்கு என்ன கொடுப்பீங்க, தங்கச்சி ஃபீஸுக்கு என்ன கொடுப்பீங்க? ஆனா ரெண்டாவதுலயே ஒரு அதிர்ச்சி இருக்கு, பாருங்க. இஎம்ஐயை விட பெட்ரோல் செலவு ஜாஸ்தி! லோன் 3 வருஷத்துல முடிஞ்சிடும். பெட்ரோல் முடியவே முடியாது. தினமும் 65 கிலோமீட்டர் ஓடுறவருக்கு மைலேஜ்தான் ரெண்டாவது இஎம்ஐ.

ஷோரூம்ல கேட்க வேண்டிய ஒரே கேள்வி

"வட்டி 10 பெர்சன்ட்தான் சார்"னு சொன்னா உடனே கேளுங்க: "ஃபிளாட்டா, ரெட்யூசிங்கா?"

அதே 1,40,000 கடன், 3 வருஷம். குறையும் முறையில 10 சதவீதம்னா மொத்த வட்டி சுமார் 22,600 ரூபாய். ஃபிளாட் முறையில 10 சதவீதம்னா வட்டி 42,000 ரூபாய், இஎம்ஐ 5,056. நீங்க அசலைக் கட்டக் கட்ட கடன் குறையுது, ஆனா அவங்க கடைசி மாசம் வரைக்கும் முழு 1,40,000-க்கும் வட்டி போடுறாங்க. அந்த ஃபிளாட் 10, குறையும் முறையில பார்த்தா கிட்டத்தட்ட 18 சதவீதத்துக்குச் சமம். ஒரே ஒரு கேள்வியில 19,000 ரூபாய் மிச்சம்.

பழைய எலிமினேட்டர் 175 கிடைக்குதே?

கிடைக்கும், ஆசையாவும் இருக்கும். ஆனா அந்த வண்டிகளுக்கு 20 வயசு ஆகிடுச்சு. ஆர்.சி. புதுப்பிச்சிருக்காங்களா, பசுமை வரி கட்டியிருக்காங்களான்னு பார்க்கணும். இன்ஜின் பார்ட்ஸுக்கு அலையணும். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்துத் துடைச்சு ஓட்ட, கையில மிச்சப் பணம் இருக்கிறவருக்கு அது சரி. தினமும் வேலைக்குப் போக அந்த வண்டியை நம்பாதீங்க.

அப்போ என்னதான் பண்றது?

1. வேலைக்கு மைலேஜ் பைக். ஏற்கெனவே ஒண்ணு ஓடிக்கிட்டிருந்தா மாத்தவே வேண்டாம்.

2. முதல்ல 3 மாசச் செலவுப் பணம் தனியா இருக்கணும். அது இல்லாம எந்த இஎம்ஐயும் வேண்டாம்.

3. இஎம்ஐயை முதல்ல உங்களுக்கே கட்டுங்க. அவெஞ்சருக்கும் 110 சிசி பைக்குக்கும் மாசம் சுமார் 4,200 ரூபாய் வித்தியாசம். அதை ஆர்.டி.யில போடுங்க. 6.5 சதவீத வட்டியில 2 வருஷத்துல சுமார் 1.08 லட்சம் சேரும். நடுவுல நாலு மாசம் கட்ட முடியாமப் போச்சா? அப்போ பேங்க் இஎம்ஐயும் கட்ட முடிஞ்சிருக்காது. சிபில் ஸ்கோர் கெடாம அது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.

4. ரெண்டு வருஷம் கழிச்சும் ஆசை இருந்தா நல்ல செகண்ட் ஹேண்ட் அவெஞ்சரை ரொக்கமா வாங்குங்க. சேசிஸ் நம்பர் ஆர்.சி.யோட ஒத்துப்போகுதா, பழைய லோன் முடிஞ்சு படிவம் 35 மூலமா அடமானம் நீக்கியிருக்கா, இன்ஷூரன்ஸ் உயிரோட இருக்கானு பாருங்க. படிவம் 29, 30 கொடுத்து உங்க பேருக்கு மாத்தின பிறகுதான் அது உங்க வண்டி.

குற்றாலம் சீசன்ல, சாரல் அடிக்கும்போது, கடன் இல்லாத ஒரு க்ரூஸர்ல காலை நீட்டிக்கிட்டுப் போற சுகமே தனி. அன்னைக்கு எந்த மெசேஜ் வந்தாலும் "இஎம்ஐ டியூ"ங்கிற மெசேஜ் மட்டும் வராது.

தம்பி, ரெண்டு வருஷம் ஒண்ணும் பெருசு இல்ல. 2001-ல எலிமினேட்டரைப் பார்த்து ஆசைப்பட்டுட்டு, நாலு வருஷம் பொறுத்து அவெஞ்சர் வாங்கினவங்க நிறைய பேர் இருப்பாங்க. அவங்க யாரும் ஏமாந்துபோகல.

உங்க பைக்குக்கு மாசம் மொத்தமா எவ்வளவு செலவாகுது? இன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒரு தடவை கூட்டிப் பாருங்க. நம்பரைக் கீழ கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல அதை வெச்சே பேசுவோம்.