பாதாளத்தில் ஒரு தீப்பொறி

முல்லைப் பெரியாறு அணையின் மதகுகள் திறந்தால் தண்ணீர் வந்து சேரும் முதல் ஊர்களில் ஒன்று வண்டிப்பெரியார். தேயிலைத் தோட்டத் தமிழர்களின் இந்த ஊரைக் கடந்து ஆறு இடுக்கி நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. அங்கிருந்து 650 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் பாய்ந்து, மூலமட்டத்தில் மின்சாரமாகிறது. பாறையைக் குடைந்து பூமிக்குள் கட்டப்பட்ட இந்த நிலையம் 1976-ல் இயங்கத் தொடங்கியது. ஆறு ஜெனரேட்டர்கள், 780 மெகாவாட் திறன்.

2011 ஜூன் 20 அன்று இந்தப் பாதாளத்தில் தீ வெடித்தது. தீக்காயமடைந்த இரு பொறியாளர்களும் உயிர் பிழைக்கவில்லை.

உயர் அழுத்த மின்சாரம் தொட்டால்தான் கொல்லும் என்பதில்லை. இன்சுலேஷன் பழுதானால் அது காற்றின் வழியாகவே பாயும். அப்போது எழும் மின்வில்லின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பையே மிஞ்சும். செம்பு ஆவியாகிறது, காற்று விரிந்து வெடிக்கிறது. அருகில் நிற்பவர் விலக அவகாசமே இல்லை. ஆளைக் காப்பாற்ற வேண்டியது பிரேக்கர்தான். கோளாறை ரிலே உணர்ந்ததும், நொடியின் சிறு பகுதிக்குள் அது இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

அந்த ரிலேயும் பிரேக்கரும் இயங்க, பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்சாரம் தேவை. பேட்டரி கைவிட்டால் பல கோடி ரூபாய்ப் பாதுகாப்பு ஏற்பாடும் ஊமையாகிவிடும். பராமரிப்புப் பட்டியலில் கடைசியில் கிடக்கும் இந்தப் பெட்டிகள்தான் நிலையத்தின் உயிர்நாடி.

பூமிக்கடியில் இன்னொரு எதிரியும் உண்டு: புகை. 2020 ஆகஸ்ட் 20 இரவு, தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி நிலையத்தில் தீப்பிடித்தபோது ஒன்பது பேர் இறந்தனர். பொறியாளர்களோடு, பேட்டரி வேலைக்காக வந்திருந்த தனியார் நிறுவன ஊழியர்கள் இருவரும் அதில் அடக்கம். புகை நிறைந்த சுரங்கத்துக்குள் மீட்புக் குழுவினரே எளிதில் நுழைய முடியவில்லை.

மூலமட்டத்தில் இரண்டு உயிர்கள் போய் ஒன்பதே ஆண்டுகளில், வேறொரு மாநிலத்தின் பாதாளத்தில் ஒன்பது உயிர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, சோதித்து, எர்த் செய்தபிறகே கை வைப்பது; பேட்டரி வேலை நடக்கும்போது மாற்று இணைப்பு வைத்திருப்பது; புகையை வெளியேற்றும் விசிறிகளுக்குத் தனி மின்வழி அமைப்பது; இருட்டிலும் வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்க ஊழியர்களைப் பழக்குவது. இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பல்ல. உற்பத்தி நிற்கக் கூடாதென்ற அவசரத்தில் முதலில் தள்ளிப்போவதும் இவைதான். ஜெனரேட்டர் ஒருநாள் நின்றால் யூனிட் கணக்கில்தான் இழப்பு. உயிரை எந்த யூனிட்டில் அளப்பது?