யூனிக்ஸ் அடைவுப் பெயர்களும் வட்டுப் பிரிவினையும்

யூனிக்ஸ் முறைமையையோ அதன் வழிவந்த லினக்ஸ் முதலியவற்றையோ கணிப்பொறியில் நிறுவுவார்க்கு முதற்கண் எழும் வினா, வட்டினை எத்துணைப் பிரிவுகளாக வகுப்பது என்பதாம். பலரும் பழைய பட்டியல் ஒன்றை அவ்வாறே பின்பற்றுவர். அப்பட்டியல் எழுந்த காரணத்தை அறிந்தாலன்றிக் கொள்வதும் தள்ளுவதும் புலனாகா.

'யுஎஸ்ஆர்' என்னும் அடைவினை ஈண்டு எடுத்துக்கொள்வோம். 'யூனிக்ஸ் முறைமை வளங்கள்' என்னும் தொடரின் சுருக்கம் இது எனச் சிலர் உரைப்பர். அது பொருந்தாது, பெயர் நிலைத்த பின்னர்ப் புனைந்த பொருளே அஃது. சொல்லாராய்ச்சியில் யாம் அடிக்கடி காணும் பிழைதான். பயனரைக் குறிக்கும் 'யூசர்' என்னும் ஆங்கிலச் சொல்லே ஓரெழுத்துக் குறைந்து இங்ஙனம் நின்றது. 1970-களின் தொடக்கத்தில், பெல் ஆய்வுக்கூடத்தில் தாம்சனும் ரிச்சியும் இம்முறைமையை ஆக்கிய காலத்தில், பயனர்தம் கோப்புகள் அவ்வடைவிலேயே இருந்தன. வேர் அடைவு விரைந்தியங்கும் சிறு வட்டிலும், யுஎஸ்ஆர் பெரியதொரு வட்டிலும் அமைந்தன. 1974-இல் அவ்விருவரும் வெளியிட்ட கட்டுரை, தம் கணிப்பொறியின் நிலைமுனை வட்டு ஒரு மெகாபைட் கொள்வது என்கின்றது; இக்காலத்துக் கைப்பேசி எடுக்கும் ஒளிப்படம் ஒன்றற்கே அது பெரும்பாலும் போதாது. சிறு வட்டில் இடம் பற்றாமையால் நிரல்கள் பயனர் வட்டிற்குக் குடிபெயர்ந்தன. நிரல்கள் உறையும் 'பின்' என்னும் அடைவு ஈரிடத்தும் காணப்படுதல் இதனால் என்க. பிற்காலத்தே பயனர் 'ஹோம்' முதலிய வேறு அடைவுகளுக்குச் சென்றனர். பழைய வீட்டில் அவர்தம் பெயர் மட்டும் எஞ்சிற்று.

எனவே இப்பிரிவு கொள்கையால் அமைந்ததன்று, இடநெருக்கடியால் அமைந்தது. வட்டுகள் பெருகிய பின்னும் அதனைக் காத்து நிற்க வலுவான காரணம் இலது. 2012-இல் வெளிவந்த ஃபெடோரா 17 இவ்விரு 'பின்' அடைவுகளையும் ஒன்றாக்கியது. 2023-இல் வெளிவந்த டெபியன் 12 ஒன்றாக்கிய அமைப்பினை மட்டுமே ஏற்றது.

'ஹோம்', 'வார்' என்னும் அடைவுகளின் நிலை வேறு. ஹோம் தனிப்பிரிவாயின், முறைமையை மீள நிறுவுங்கால் அப்பிரிவை அழியாது விடலாம். பல்லாண்டுத் தேட்டமான குறிப்புகளும் பதிப்புப் படிகளும் பிழைக்கும். வட்டே பழுதுற்றால் இக்காப்பு உதவாது. வேறு வட்டிற் படி வேண்டும். வார் அடைவில் நிகழ்ச்சிப் பதிவுகள் நாள்தோறும் வளரும். அதனைப் பிரித்து வைப்பின், அது நிரம்பினும் வேர்ப்பிரிவில் இடம் எஞ்சும். ஆயினும் வரம்பு மிகுந்தாற் குறையும் உண்டு. ஒரு பிரிவு நிரம்பி வழிய, மற்றொன்று வெறிதே கிடக்கும். ஆகலான் தனியொருவர் கணிப்பொறிக்கு வேர், ஹோம் என்னும் இரண்டே அமையும் என்பது எம் கருத்து. பலர்க்குப் பணிபுரியும் வழங்கிக் கணிப்பொறிக்கு வாரினையும் பிரித்தல் நன்று.